பதினொரு பெட்டைக் குதிரைகளின் உரிமையாளர்

கிசில்-தொபோ
1998 ஜனவரி 14

அன்புள்ள அத்தாவுக்கு,

உங்கள் மருமகள் குல்பாரா எழுதுவது. முதலில் மந்தையின் நலம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றதை நீங்கள் படிக்கமாட்டீர்கள். பதினொரு பெட்டைக் குதிரைகளும் நலம். பொலிகுதிரை நலம், திமிரும் குறையவில்லை. நாய் நலம். நானும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் மகள் பெர்மெத் அண்ணியின் ஐந்தாவது மாடியில் உங்களுக்கு மூச்சு முட்டாமல் இருக்கிறதா?

சுற்றி வளைத்துப் பேச உங்களுக்குப் பிடிக்காது, எனக்கு வராது. நான் குமிஸ் பண்ணை வைக்கப்போகிறேன். முறைப்படி, லைசென்ஸோடு.

போன செப்டம்பரில் வாளி கவிழ்ந்துவிட்டதென்று உங்களிடம் சொன்னேனே, அது தானாகக் கவிழவில்லை. சாலையோரம் வைத்து விற்றுக்கொண்டிருந்தேன். காரில் இரண்டு பேர் இறங்கினார்கள். "பேப்பர் இருக்கா?" என்றார்கள். "குதிரைப் பாலுக்கு என்ன பேப்பர்?" என்றேன். ஒருவன் வாளியைத் தூக்கி மண்ணில் கொட்டினான். ஆறு தடவை கறந்து, ஒரு நாள் முழுக்கக் கடைந்து புளிக்கவைத்த குமிஸ், அத்தா. அழவில்லை. அந்தக் காரின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தேன். பிறகு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லையென்று புரிந்து, எந்தப் பேப்பர் வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

ஜூன் முதல் தேதிக்குள் லைசென்ஸ் கிடைத்தால் கோடை முழுவதும் விற்கலாம். கிடைக்காவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்கு வைக்கோல் வாங்க வழியில்லை, பாதிக் குதிரைகளைக் கசாப்புக்கு ஓட்டவேண்டியதுதான். ஆனால் கிடைக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை.

குதிரைகள் கிராமப் பதிவேட்டில் உங்கள் பெயரில் இருக்கின்றன. நீங்கள் சம்மதக் கடிதம் ஒன்று எழுதி அனுப்பவேண்டும். நோவோசிபிர்ஸ்க் போன உங்கள் மகனிடமிருந்து இங்கே எதுவும் வரவில்லை.

அண்ணிக்கும் அவர் வீட்டாருக்கும் என் சலாம் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்
குல்பாரா


பிஷ்கெக்
1998 ஜனவரி 29

மருமகள் குல்பாராவுக்கு ஒஸ்மோன்குல் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் மந்தையும் அப்படியே இருக்கவேண்டும்.

காலுக்குள் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். குளிருக்கு முன்பே அது எனக்கு வானிலை சொல்கிறது. ரேடியோவைவிட நன்றாகச் சொல்கிறது. பெர்மெத்தின் வீட்டுக்காரர் ஒரு பூனை வளர்க்கிறார். அதற்கு வேலை எதுவும் இல்லை. நாள் முழுவதும் நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பண்ணை விஷயம் நல்லது. நாற்பது வருடம் கூட்டுப் பண்ணையின் குதிரைகளைப் பார்த்தேன். ஒரு குதிரைக்கும் நான் விண்ணப்பம் எழுதியதில்லை. குதிரையும் எனக்கு எழுதியதில்லை. காலம் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது, எழுது. நீ எடுத்த காரியத்தைக் கீழே போடுகிறவள் இல்லை. அதை நீ கல்யாணமாகி வந்த வாரமே தெரிந்துகொண்டேன், பொலிகுதிரை உன்னைத் தள்ளிவிட்ட அன்று.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. சாம்பல் குதிரை இந்த வருடம் முன்கூட்டியே ஈனும். அதன் வயிறு இடப்பக்கம் சாய்ந்தால் தனியாகக் கட்டு. பனி உருகும்போது தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒஸ்மோன்குல்


கிசில்-தொபோ
1998 பிப்ரவரி 20

அன்புள்ள அத்தாவுக்கு,

இங்கே கொம்புள்ளவை, குளம்புள்ளவை, உங்கள் மருமகள் எல்லோரும் நலம். முழங்கால் இரும்புக்கும் என் சலாம்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். எசென் என்று ஓர் அதிகாரி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், டை கட்டியிருக்கிறான், கெட்டவன் இல்லை. படிவம் எட்டுப் பக்கம். என் கையெழுத்தில்தான் நிரப்பவேண்டுமாம், விண்ணப்பிப்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி.

"குதிரைகளோட பேரெல்லாம் எழுதுங்க அக்கா" என்றான்.

"பேரா? நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவோம். சாம்பல்னு சொல்வோம், சிவலைன்னு சொல்வோம்."

"மூணு சிவலை இருக்கே. எந்தச் சிவலைன்னு அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்?"

"அரசாங்கம் வந்து பாக்கட்டும். நான் காட்டறேன்."

"அக்கா, உங்களுக்குப் பின்னால பதினஞ்சு பேரு நிக்கிறாங்க."

நின்ற இடத்திலேயே பதினொன்றுக்கும் பெயர் வைத்தேன். உங்கள் சாம்பல் குதிரையின் பெயர் இப்போது கானிஷா. அரசிதான் அவள், பெயரும் இருக்கட்டும். சிரிக்காதீர்கள். கடைசிக் குதிரைக்குப் பெயர் தீர்ந்துபோய் எசென் என்று வைக்கப் பார்த்தேன். பெட்டை என்பதால் விட்டுவிட்டேன்.

கால்நடை டாக்டர் வந்து எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார். முடிவு சுத்தம். எனக்கும் எடுத்தார்கள். நானும் சுத்தம்.

படிவத்தில் சின்ன இடம் ஒன்று விட்டுப்போயிருக்கிறதென்று திருப்பிக் கொடுத்திருக்கிறான். பெரிய விஷயமில்லை. சரிசெய்துவிடுவேன்.

அண்ணி வீட்டாருக்கு என் அன்பு.

குல்பாரா


பிஷ்கெக்
1998 மார்ச் 3

குல்பாராவுக்கு. நாங்கள் நலம். நீங்கள் நலம்தானே?

என்ன சின்ன இடம்? எட்டுப் பக்கம் எழுதியவளுக்கு அந்த ஒன்று ஏன் வரவில்லை? என்னிடமிருந்து ஏதாவது பேப்பர் வேண்டுமென்றால் சொல். இங்கே எனக்கு வேறு வேலை இல்லை.

கானிஷா! உன் மாமியார் இருந்திருந்தால் தனக்கு ஏன் அந்தப் பெயர் வைக்கவில்லையென்று என்னோடு சண்டைக்கு வந்திருப்பாள்.

பதில் உடனே எழுது.

ஒஸ்மோன்குல்


கிசில்-தொபோ
1998 மார்ச் 15

அன்புள்ள அத்தாவுக்கு,

மலைப் பக்கம் இன்னும் பனி. மந்தை நலம், வீடு நலம். உங்கள் காலும் மூச்சும் நலமாக இருக்கவேண்டும்.

கானிஷாவின் வயிறு நீங்கள் சொன்னபடியே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. தனியாகக் கட்டிவிட்டேன். சிவலைகளில் இளையது ஓநாய் வாடை பிடித்து இரண்டு நாள் தின்னவில்லை. இப்போது தின்கிறது. நாய்க்குக் காதில் காயம், அது வென்ற சண்டை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த இடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றுமில்லை, அத்தா. உங்கள் ஓய்வூதிய அட்டையின் நகலை அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டிக் கொண்டுபோனேன். எசென் நகத்தால் பிய்த்து எடுத்துவிட்டான். "நீங்களே நிரப்பிடுங்க தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன். "என் கையெழுத்து இருந்தா என் வேலை போயிடும் அக்கா" என்கிறான். வேறு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

வைக்கோல் மே மாதம் வரை வரும்.

குல்பாரா


பிஷ்கெக்
1998 மார்ச் 25

மருமகள் குல்பாராவுக்கு. மந்தைக்கும் உனக்கும் சலாம். எனக்கு உடம்பு நலம், வயிறு மட்டும் சிரித்துச் சிரித்து வலிக்கிறது.

உங்கள் தபால்காரி சோனுன், இங்கே தன் தங்கை வீட்டுக்கு வந்தவள், என்னையும் பார்த்துவிட்டுப் போனாள். வந்து உட்கார்ந்து தேநீர்க் கிண்ணத்தைக்கூடத் தொடவில்லை, உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தா, உங்க மருமக எட்டுப் பக்கத்தையும் எழுதிட்டா. ஏழாவது கட்டத்துல 'குதிரைகளின் உரிமையாளர், முழுப் பெயர்'னு கேக்குது. அதுல 'எங்கள் வீட்டுப் பெரியவர்'னு எழுதி வெச்சிருக்கா! ஆபீசர் பேரைக் கேட்டா உதட்டை ஒட்டி வெச்ச மாதிரி நிக்கிறா. உங்களுக்கு வர்ற கடுதாசிக் கவர்ல விலாசம்கூட இத்தனை நாளா நான்தானே எழுதித் தர்றேன்!"

பெர்மெத் சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் சிரித்தார். பூனை எழுந்து போய்விட்டது.

குல்பாரா, மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம்தான். உன் மாமியார் நாற்பத்தாறு வருடம் என் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. போரிலிருந்து திரும்பிய அண்ணனுக்குப் பின்னாளில் பதக்கம் வந்தபோது "இது யாருக்கு?" என்று கேட்டவனிடம் "மேல் வீட்டில் இருமுகிறவருக்கு" என்றாள். பதக்கம் வேறொரு இருமல்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்ப வாங்க எனக்கு ஒரு செம்மறி செலவு.

இருபத்தோரு வருடம் நீ என் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறாய். போதும். இந்த வீட்டில் இன்று மூத்தவன் நான். நான் சொல்கிறேன், எழுது. அந்த அதிகாரி வாசித்துக் காட்டச் சொன்னால் சத்தமாக வாசி. என் பெயர் திருட்டுப் பொருள் இல்லை, வெளியே எடுக்கலாம்.

இதை நீ என்னிடம் ஒளித்தாயே, அதுதான் கொஞ்சம் கோபம். நாளைக்குள் போய்விடும்.

ஒஸ்மோன்குல்


கிசில்-தொபோ
1998 ஏப்ரல் 9

அன்புள்ள அத்தாவுக்கு,

கானிஷா குட்டி போட்டுவிட்டாள்! ஆண், கறுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி இல்லை. தாயும் பிள்ளையும் நலம். நானும் நலம். உங்களுக்கும் அண்ணி வீட்டாருக்கும் நலமே வேண்டும்.

எழுதிவிட்டேன். எசெனின் மேசையில், எல்லோர் முன்னாலும். எழுதிமுடித்துத் தலை தூக்கினால் வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதோ குதிரைமேல் நின்று காட்டியதுபோல. ஒரு கிழவி, "அடிப் பாவி, உனக்குத் தொண்டை அடைக்கலையா?" என்றாள். "எழுதறதுக்குத் தொண்டை எதுக்கு ஆயா?" என்றேன். இந்தக் கடிதத்தில் மறுபடி எழுதமாட்டேன். ஒரு தடவைக்கே போதும் என்றிருக்கிறது.

இனி கேட்கப்போவது அதைவிடக் கஷ்டமானது. உட்கார்ந்து படியுங்கள்.

எசென் உங்கள் பெயரைப் பார்த்தான், வயதைப் பார்த்தான், பேனாவை மூடிவிட்டான். "அக்கா, இது அஞ்சு வருஷ லைசென்ஸ். சொந்தக்காரருக்கு எழுபத்திரண்டு வயசு. நாளைக்கு ஏதாவதுன்னா குதிரை உங்களுக்கு வராது, கடைசி மகனுக்குப் போகும். ஒண்ணு, குதிரை உங்க பேர்ல இருக்கணும், அதுக்கு மகன் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போடணும். இல்லைன்னா மகனே விண்ணப்பிக்கணும். உங்க வீட்டுக்காரர் எங்க?"

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அத்தா, மெலிஸ் நோவோசிபிர்ஸ்க் போய் நான்கு வருடம். முதல் வருடம் பணம் வந்தது. இரண்டாம் வருடம் வாழ்த்து அட்டை வந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. இதைப் பற்றி நீங்களும் நானும் ஒரே மேசையில் தினமும் தேநீர் குடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் பேசச் சொல்லவில்லை. மந்தை கடைசி மகனுக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்: குதிரைகளை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.

பனிப்புயலில் தேடிப் போனவள் நான். குட்டி வயிற்றில் குறுக்கே கிடந்தபோது கையை விட்டுத் திருப்பியவள் நான். அவை என்னுடையவை என்று என் உடம்புக்குத் தெரியும், பேப்பருக்குத்தான் தெரியவில்லை.

மே 25 கடைசி நாள்.

குல்பாரா


கிசில்-தொபோ
1998 மே 2

அன்புள்ள அத்தாவுக்கு,

மந்தை நலம். ஆறு குட்டிகள் பிறந்துவிட்டன, ஆறும் நிற்கின்றன. நீங்கள் நலமா?

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால் நிலையத்திலிருந்து அண்ணி வீட்டுக்கு இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அண்ணியின் வீட்டுக்காரர் எடுத்து, "மாமா வெளிய போயிருக்கார்" என்றார். அந்தக் காலை வைத்துக்கொண்டு எந்த வெளியே? கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

என்மேல் கோபம் என்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் மாட்டேன்.

குட்டிகளைக் கட்டும் கயிறு புதிதாக முறுக்கிவிட்டேன். குமிஸ் புளிக்கவைக்கும் தோல் பைகளை மூன்று நாள் புகை போட்டு வைத்திருக்கிறேன். லைசென்ஸ் வரும் என்ற நம்பிக்கையில்தான் இதெல்லாம். உங்கள் உடம்பு சரியாக இருக்கிறதென்று ஒரு வரி எழுதுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்.

குல்பாரா


பிஷ்கெக்
1998 மே 12

குல்பாராவுக்கு. நலம். நலமறிய ஆவல்.

இதோடு இரண்டு பேப்பர் இருக்கின்றன. ஒன்று, பதினொரு பெட்டைக் குதிரைகளையும் பொலிகுதிரையையும் அவற்றின் குட்டிகளையும் உனக்கு எழுதிக் கொடுத்தது. இன்னொன்று, மெலிஸ் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட்டது. இரண்டிலும் நோட்டரி முத்திரை இருக்கிறது. பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. 25-க்குள் கொண்டுபோய்க் கொடு.

கேள்வி கேட்காதே. குட்டிகளை ஈர நிலத்தில் கட்டாதே.

ஒஸ்மோன்குல்


கிசில்-தொபோ
1998 மே 27

அன்புள்ள அத்தாவுக்கு,

மந்தைக்கும் மனிதருக்கும் குறை இல்லை. உங்களுக்கும் குறை வரக்கூடாது.

வந்துவிட்டது! எண் 14. நீல முத்திரை, நடுவில் என் பெயர், தட்டச்சில். "குமிஸ் உற்பத்தியும் விற்பனையும்." எசென் எழுந்து நின்று கை கொடுத்தான். "மாவட்டத்துல முதல் பொம்பளை நீங்கதான் அக்கா" என்றான். "ரெண்டாவது வர்றப்ப குதிரைக்குப் பேர் கேக்காத" என்றேன். வரும் வழியில் பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரனுக்கும் காட்டினேன். அவன் உருளைக்கிழங்கு வியாபாரி, ரொம்ப மரியாதையாகப் பார்த்தான்.

கேள்வி கேட்காதே என்றீர்கள். இப்போது நான் பண்ணை உரிமையாளர், கேட்பேன்.

மெலிஸின் பேப்பரில் முத்திரை நோவோசிபிர்ஸ்க் நோட்டரியுடையது. தேதி ஏப்ரல் 27. சாட்சிக் கையெழுத்து உங்களுடையது. ரயிலில் இரண்டரை நாள் போக, இரண்டரை நாள் வர, காலில் இரும்போடு போயிருக்கிறீர்கள். அண்ணி வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் சொல்லவில்லை.

அங்கே என்ன பார்த்தீர்கள்? நான் உடைந்து போகிறவள் இல்லை. நாற்பது வயதாகிறது, பேப்பர் பெட்டியில் இருக்கிறது, பதினொரு குட்டிகள் கயிற்றில் இருக்கின்றன. சொல்லுங்கள்.

முதல் குமிஸ் ஜூன் 14-ஆம் தேதி. அக்கம்பக்கம் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன். நீங்கள் வந்து ஆசி சொன்ன பிறகுதான் யார் வாயிலும் படும்.

குல்பாரா


பிஷ்கெக்
1998 ஜூன் 3

குல்பாராவுக்கு ஒஸ்மோன்குல் எழுதுவது. உன் பண்ணை செழிக்கட்டும். மந்தை பெருகட்டும். நான் நலம்தான்.

எண் 14 என்று நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். பூனையிடமும்.

சரி, சொல்கிறேன். மெலிஸ் அங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறான். போன வருடத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் எனக்கு எழுதினான். நான் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு உன்னிடம் தேநீர் கேட்டேன். அன்று சொல்லியிருக்கவேண்டும். நான் கோழையாக இருந்தேன், குல்பாரா. நீ வீட்டைவிட்டுப் போய்விடுவாயோ என்று பயந்தேன். குதிரைகளை யார் பார்ப்பார்கள் என்று பயந்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குதிரைகளுக்காக மட்டும் இல்லை.

உன் கடிதம் வந்ததும் முதலில் இங்கே நோட்டரியிடம் போய் மந்தையை உனக்கு எழுதினேன். அதை முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன், அவன் முகத்தைப் பார்த்து மனம் மாறிவிடக்கூடாதென்று. அவன் சொன்னான், "அத்தா, நான் கடைசிப் பிள்ளை. குதிரை எனக்குத்தானே வரணும்?" "வரணும்னா நீ வந்திருக்கணும்" என்றேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நோட்டரிக்கு வந்தான்.

அந்தப் பெண் எனக்குச் சூப் வைத்தாள், காலுக்கு வெந்நீர் வைத்தாள். கெட்டவள் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் பொய்.

ஒரு பையன் இருக்கிறான். மூன்று வயது. தைமூர் என்று பெயர். என் மூக்கு. ஒளிந்து நின்று என் கைத்தடியைப் பார்த்தான், பிறகு வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டினான். மூன்று வருடமாக நான் பார்க்காத பேரன். குழந்தை முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவன் வெறுங்கையோடு பார்ப்பானா? என் பையில் ரயில் டிக்கெட்டைத் தவிர ஒன்றும் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "உனக்கு ஒரு குதிரைக் குட்டி."

எழுபத்திரண்டு வருடப் பழக்கம். திரும்பி வரும் ரயிலில்தான் உறைத்தது. மந்தையை உனக்கு எழுதி ஐந்து நாள் ஆகியிருந்தது. எனக்குச் சொந்தமில்லாத குட்டியைக் குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மந்தை போனதில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை, இந்த ஒன்றுதான் உறுத்துகிறது.

அதனால் உரிமையாளரிடம் கேட்கிறேன். மாமனார் என்று நினைக்காதே. கொடுக்க மனமில்லை என்றால் இல்லை என்று எழுது. உனக்கு அந்த உரிமை இருக்கிறது. உன்னைவிட அதிகமாக யாருக்கும் இல்லை. நான் பையனுக்கு வேறு எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். 14-ஆம் தேதி நீ வரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வருவேன்.

ஒஸ்மோன்குல்


கிசில்-தொபோ
1998 ஜூன் 9

அன்புள்ள அத்தாவுக்கு,

மந்தை நலம். நான் இரண்டு நாள் நலமாக இல்லை, இப்போது நலம்.

உங்கள் கடிதத்தைக் கறவைக்கு நடுவில் படித்தேன். மீதிப் பாலை நிலத்தில் கொட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். மெலிஸ் விஷயம் எனக்குத் தெரியும், யாரும் சொல்லாமலே தெரியும். பையனைத்தான் தெரியாது. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லையென்று இந்த ஊரில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, உங்களுக்குப் பயந்து. நீங்களும் சொன்னதில்லை. அந்த நீங்கள் இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு என்னிடமே குட்டி கேட்கிறீர்கள். கோபம் வந்தது. நாயைத் திட்டினேன். உங்களையும் திட்டினேன், பெயர் சொல்லாமல்.

மூன்றாம் நாள் காலையில் ஐந்து மணிக்குக் கறக்கப் போனேன். பதினொன்றும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. வேறு யாரையும் அவை அப்படிப் பார்ப்பதில்லை. எனக்குச் சொந்தமானது எவ்வளவு என்று அங்கே நின்றபோது தெரிந்தது. ஒன்று கொடுத்தால் குறையாது.

மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். லைசென்ஸ் உள்ள மந்தையிலிருந்து ஒரு குட்டியைக் கொடுப்பதற்கும் படிவம் உண்டாம், இரண்டு பக்கம். "பெறுபவர்" என்ற இடத்தில் தைமூர் என்று எழுதினேன். "காரணம்" என்ற இடத்தில் முகம் பார்த்த சீர் என்று எழுதினேன். "கொடுப்பவர்" என்ற இடத்தில் எசென் உங்கள் பெயரை எழுதச் சொன்னான், தாத்தா கொடுத்த வாக்குதானே என்று.

"இல்ல தம்பி. குதிரை என்னோடது. குடுக்கிறவ நான்" என்று சொல்லி என் பெயரை எழுதினேன்.

கானிஷாவின் கறுப்புக் குட்டி. மந்தையிலேயே நல்லது அதுதான். இரண்டாந்தரத்தைக் கொடுத்து என் பெயரைக் கெடுத்துக்கொள்ள முடியாது. பையனுக்குச் சேணத்தில் உட்காரும் வயது வரும்வரை இங்கேயே வளரும். வந்தால் ஏறுவதற்கு நான் சொல்லிக்கொடுப்பேன். யார் கொடுத்த குதிரை என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

14-ஆம் தேதி பேருந்து பத்து மணிக்கு வரும். சோனுனின் வண்டியை நிறுத்தி வைக்கிறேன். அண்ணிக்கும் அவர் வீட்டாருக்கும் என் சலாம். உங்கள் உடம்பு எனக்கு வேண்டும், பார்த்து வாருங்கள்.

உங்கள்
குல்பாரா

பின்குறிப்பு: பையனோடு அவன் அப்பனும் வந்தால் வரட்டும், விரட்டமாட்டேன். குமிஸ் தருவேன். எல்லோருக்கும் உள்ள விலைதான்.